"படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று கேட்கும் மகனுக்கு

உதகைக்கு அருகே முத்தோரை பாலாடாவிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகனுக்கு 15 வயது. அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வில் கணக்கில் 19, அறிவியலில் 27. சனி, ஞாயிறுகளில் விடிவதற்கு முன்பே கேரட் அறுவடைக்குப் போகும் ஆட்களோடு வண்டியேறி விடுகிறான். 700 ரூபாயோடு திரும்புகிறான். திங்கட்கிழமை வகுப்பில் தூங்குகிறான். புத்தகத்தை எடுக்கச் சொன்னால், "அக்கா பி.காம். முடிச்சுட்டு ஊட்டியில துணிக்கடையில நிக்கிறா. படிச்சு என்ன ஆகப்போகுது?" என்கிறான். இவனுக்குக் கல்வியின் மதிப்பை எப்படிப் புரியவைப்பது என்பது தாயாரின் கேள்வி. உதகையைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்மா, முதலில் உங்கள் கேள்வியைச் சற்றே திருத்திக்கொள்ள விரும்புகிறேன். மகனுக்குக் கல்வியின் மதிப்பு தெரியவில்லை என்று முடிவு செய்துவிட்டால், அதை எடுத்துச் சொல்லும் வேலையில்தான் நாம் இறங்குவோம். அவனோ அந்தப் பேச்சை ஆறாம் வகுப்பிலிருந்து ஆண்டுவிழா மேடையிலும், உறவினர் வீட்டிலும், கடைவீதியிலும் கேட்டுச் சலித்திருப்பான். இந்த வயதில் "எதற்குப் படிக்க வேண்டும்" என்று கேட்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர், பாடம் தங்களுக்குப் பிடிபடாமல் போய் வெகுநாள் ஆகிவிட்டது என்பதைத்தான் வேறு சொற்களில் சொல்கிறார்கள் என்பது என் அனுபவம். "எனக்கு வரவில்லை" என்று சொல்வதைக் காட்டிலும் "எனக்கு வேண்டாம்" என்று சொல்வது பதினைந்து வயதுப் பையனுக்கு மானம் காக்கும் வழி. கேரட் வயலில் அவன் ஆளுக்கு ஆள் சமம்; வகுப்பறையில் கடைசி பெஞ்சு. எங்கே போக அவனுக்குக் கால் வரும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஆகவே முதல் வேலை, அவன் எந்த இடத்தில் நின்றுபோனான் என்று கண்டுபிடிப்பது. பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தொட வேண்டாம். வீட்டில் வேறு யாரும் இல்லாத ஒரு மாலையில், அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கும்போது, முக்காலோடு ஆறில் ஒன்றைக் கூட்டினால் எவ்வளவு என்று கேளுங்கள். பன்னிரண்டில் பதினொன்று என்று வந்தால் நல்லது. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிப் பத்தில் நான்கு என்று சொன்னால், முக்காலோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு விடை பாதிக்கும் குறைவாக வருகிறதே என்ற சந்தேகம்கூட அவனுக்கு எழவில்லை என்று பொருள். அவன் கணக்கைப் பொருளற்ற குறிகளாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னம், தசமம், எதிர்மறை எண்கள், ஏழு எட்டு ஒன்பதாம் வாய்பாடுகள், சதவீதம் ஆகிய ஐந்தில் ஏதோ ஓரிடத்தில் முடிச்சு இருக்கும். அது அவன் குற்றமாக இருக்கவும் தேவையில்லை. இந்த 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பில் இருப்பவர்கள், 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டபோது நான்காம் வகுப்பின் கடைசியில் இருந்தவர்கள். எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அதாவது ஐந்தாம் வகுப்பு முழுவதும், ஆறாம் வகுப்பின் தொடக்க மாதங்களும் அவர்களுக்கு வீட்டில் கழிந்தன. பின்னமும் தசமமும் வேர்பிடிக்க வேண்டிய காலம் அதுதான். அலைபேசி வழி வகுப்புக்குச் சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்ற பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த இடைவெளியை யாரும் தனியாக நிரப்பவில்லை, அதன்மேல் வகுப்புகள் மட்டும் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போயின.

முடிச்சு தெரிந்துவிட்டால், அதை அவிழ்ப்பதற்கு நாளொன்றுக்கு அரைமணி நேரம் போதும். ஆனால் அந்த அரைமணி ஆறாம் வகுப்புப் பாடத்துக்கு மட்டுமே உரியது; பத்தாம் வகுப்பு வீட்டுப்பாடத்தை அதற்குள் நுழைக்கக் கூடாது. கணக்கு ஆசிரியரைப் பள்ளி விட்டபின் தனியாகச் சந்தித்து, "எல்லோர் முன்னும் கேள்வி கேட்க வேண்டாம், இரண்டு மாதம் அடிப்படையை மட்டும் பாருங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள். படிக்கும் முறையைப் பற்றி ஒன்று மட்டும்: திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதே நீண்ட நாள் நிற்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியான செய்தி. இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில், மதிப்பெண்களை வகுப்பில் உரக்க வாசிப்பது பிள்ளைகளுக்கு உறைக்கும் என்று நம்பிச் செய்து வந்தேன். 11 வாங்கிய ஒரு பையன் மறுநாளிலிருந்து வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொன்னார்கள். அந்தக் காரணத்தை நானும் வசதியாக நம்பிக்கொண்டேன்.

இனி அவன் வாதத்துக்கு வருவோம். அக்காவைக் காட்டி அவன் பேசுவது அர்த்தமில்லாத பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். பட்டம் பெற்றும் அதற்கேற்ற வேலை கிடைக்காதவர்கள் நம் மாவட்டத்தில் நிறையவே இருக்கிறார்கள். அதை மறுத்தால் உங்கள் மற்றப் பேச்சையும் அவன் நம்ப மாட்டான். ஆனால் அவன் கணக்கில் ஒரு பிழை உண்டு. மலையில் படித்துப் பிழைத்தவர்களில் பலர் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். தைப்பொங்கலுக்கும் ஊர்ப் பண்டிகைக்கும் இரண்டு நாள் வந்து போகிறார்கள். அவன் நாள்தோறும் பார்ப்பது திரும்பி வந்தவர்களையும் தங்கிவிட்டவர்களையும் மட்டுமே. இப்படிக் கண்ணில் படுபவர்களை வைத்து எடை போடுவது எங்கும் நடப்பதுதான். டொமினிக்கன் குடியரசில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் ஓர் ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்டார். உயர்நிலைக் கல்வியை முடித்தால் என்ன சம்பளம் கிடைக்கும் என்று அந்தப் பையன்கள் நினைத்திருந்தது, உண்மையான தொகையைவிட மிகக் குறைவாக இருந்தது. உண்மைத் தொகையைச் சொன்ன பள்ளிகளின் மாணவர்கள், சொல்லாத பள்ளிகளின் மாணவர்களைவிட அடுத்த சில ஆண்டுகளில் சற்றுக் கூடுதல் காலம் படிப்பில் நீடித்தார்கள். சற்று என்றே சொல்கிறேன். மிக வறிய குடும்பங்களில் அந்த விளைவு தெரியவே இல்லை, ஏனென்றால் அங்கே தடையாக நின்றது அறியாமை அல்ல, கையில் காசில்லாமை. உங்கள் வீட்டில் செய்யக்கூடியது: ஊரிலிருந்து இறங்கிப்போன மூன்று பேரை, அதிலும் சுமாராகப் படித்துத் தேறியவர்களாகப் பார்த்து, பண்டிகைக்கு வரும்போது உங்கள் மகனோடு அரைமணி நேரம் பேச வையுங்கள். சம்பளம், வாடகை, முதல் ஆண்டில் பட்ட பாடு எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மாநில அளவில் முதலிடம் பெற்றவரை அழைத்து வராதீர்கள். அவரைப் பார்த்தால் அவனுக்கு எட்டாத உயரம்தான் தெரியும். அக்காவிடமும் அவனே கேட்கட்டும். துணிக்கடையில் நிற்பவர்தான் என்றாலும், கடைக் கணக்கையும் வரி ரசீதையும் பார்க்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அங்கே என்ன வேறுபாடு என்பதை அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாருமில்லை.

இதுவரை சொன்னது பாதி. மீதிப் பாதி, பாடத்தின் பயன் அவன் கண்ணுக்கே தட்டுப்பட வேண்டும் என்பது. அமெரிக்காவில் கிறிஸ் ஹல்மன், ஜூடித் ஹராகிவிச் ஆகிய இருவர் உயர்நிலைப் பள்ளி அறிவியல் வகுப்புகளில் செய்து 2009-இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பகுதி மாணவர்கள் படித்த பாடத்தின் சுருக்கத்தை எழுதினார்கள்; மற்றொரு பகுதியினர் அந்தப் பாடம் தங்கள் வாழ்க்கையில் எங்கே வருகிறது என்று தாங்களே யோசித்து எழுதினார்கள். தமக்குப் படிப்பு வராது என்று எண்ணியிருந்த மாணவர்களிடம், இரண்டாம் வகை எழுத்து ஆர்வத்தையும் மதிப்பெண்ணையும் உயர்த்தியது. இதே வழியில் பின்னர் நடந்த சோதனைகளில் இன்னொன்றும் தெரியவந்தது: "இது உனக்கு இப்படியெல்லாம் பயன்படும்" என்று மற்றவர் நேரடியாகச் சொன்னால், தன்னம்பிக்கை குறைந்த மாணவரிடம் ஆர்வம் குறையவும் கூடும். நாம் வாய் ஓயாமல் செய்துவருவது இப்படி நேரடியாகச் சொல்வதைத்தான்.

உங்கள் ஊரில் இதற்கு வாய்ப்பு கொட்டிக் கிடக்கிறது. அவனுக்குப் பிடித்த கேரட்டிலிருந்தே தொடங்கலாம். விதை, உரம், மருந்து, அறுவடைக் கூலி, கழுவும் மெஷினுக்குக் கட்டணம், மேட்டுப்பாளையம் வரை லாரி வாடகை, மண்டிக் கமிஷன் என்று ஒரு கிலோவுக்கு ஆகும் செலவை அவனே தோட்டக்காரரிடம் கேட்டு எழுதட்டும். பேச்சுக்கு, எல்லாம் சேர்ந்து 24 ரூபாய், விற்பது 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலை 27 ஆகிறது. விலை நூற்றுக்குப் பத்துதான் இறங்கியது. தோட்டக்காரரின் லாபமோ ஆறிலிருந்து மூன்றாகி, சரிபாதி போய்விட்டது. கேரட் விலை கொஞ்சம் இறங்கினாலே முதலாளி ஏன் முகம் சுளித்து ஆளைக் குறைக்கிறார் என்று அவன் வயலில் நின்று யோசித்திருப்பான். அதற்கு விடை இந்த ஏழாம் வகுப்புச் சதவீதத்தில் இருக்கிறது. தன் 700 ரூபாய் யார் கையில், எந்த எண்ணால் தீர்மானமாகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை கூலிக்குப் போகும் எந்தப் பையனுக்கும் இருக்கும்.

அடுத்தது உருளைக்கிழங்கு. முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1957 முதல் இருக்கிறது. 1961-இல், இந்தியாவிலேயே முதன்முறையாக நம் நீலகிரியில்தான் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டறியப்பட்டது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தப் புழுவின் முட்டைக்கூடு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மறுபடி கிழங்கு நட்டால் விழித்துக்கொள்ளும். அதைத் தாங்கி நிற்கும் குஃப்ரி ஸ்வர்ணா என்ற ரகத்தை உருவாக்குவதற்கு எண்பதுகள் வரை ஆயிற்று. ஒரே வயலில் தொடர்ந்து கிழங்கு போடாமல் இடையிடையே கேரட்டும் முட்டைக்கோசும் போடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பாரம்பரியமும் மரபுக் கடத்தலும் பற்றிய பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில், பட்டாணிச் செடியை வைத்துச் சொல்லப்படும் செய்தியும் குஃப்ரி ஸ்வர்ணா பிறந்த கதையும் ஒரே குடும்பம்.

அப்புறம், வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்க உங்கள் ஊர்ப்பக்கம் மலைச்சரிவில் நிற்கும் அந்த ரேடியோ தொலைநோக்கி. அவன் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதால் அதைக் கம்பி வேலி போல எண்ணியிருப்பான். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அந்தக் கருவியை, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா ஆதார ஆராய்ச்சி நிறுவனத்தினர் கட்டி முடித்த ஆண்டு 1970. இத்தனை ஊர்களை விட்டுவிட்டு ஏன் இந்தச் சரிவுக்கு வந்தார்கள்? நம் ஊரின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. வடக்கு தெற்காக அதே 11 பாகை சாய்ந்திருக்கும் மலைச்சரிவில் கருவியைப் படுக்க வைத்தால், அது பூமியின் சுழலச்சுக்கு இணையாகிவிடும். பிறகு வானத்தில் நகரும் ஒரு பொருளைப் பின்தொடர, கருவியை ஒரே அச்சில் உருட்டிக்கொண்டிருந்தால் போதும். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் அப்படிப் பின்தொடரலாம். கீழ்முனைக்கும் மேல்முனைக்கும் உயர வேறுபாடு எவ்வளவு என்று அவனைக் கேளுங்கள். 11 பாகையின் சைன் மதிப்பு 0.19, அதை 530 ஆல் பெருக்கினால் நூறு மீட்டர் சொச்சம். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் பாடத்தில் கலங்கரை விளக்கத்தையும் கப்பலையும் வைத்துக் கேட்கும் அதே கணக்குதான். கடலையே பார்க்காத பிள்ளைகளிடம் நானும் பல ஆண்டுகள் கப்பலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. உள்ளே போய்ப் பார்க்க முடியுமா என்று பள்ளித் தலைமையாசிரியர் வழியாக அனுமதி கேட்டுப் பாருங்கள்.

இவற்றை நீங்கள் அவனுக்கு விளக்கிச் சொல்லக் கூடாது என்பதை மறந்துவிட வேண்டாம். கேள்வியை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அவனாக வந்து பேசினால் பேசுங்கள்; பேசாவிட்டால் வேறொரு கேள்வி.

கூலி வேலையைப் பற்றி: ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். உழைத்துச் சம்பாதித்த பெருமை இப்போது அவனிடம் இருக்கும் ஒரே பெருமை. அதைப் பிடுங்கிவிட்டால் அந்த இடத்தை அலைபேசி நிரப்பும். ஆனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரவோடு இரவாக எழுந்து போவது கூடாது. பதின்பருவத்தினருக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. திங்கட்கிழமை வகுப்பில் அவன் தூங்குவதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை மட்டும், அதுவும் பொழுது விடிந்த பிறகு செய்யக்கூடிய வேலைக்கு என்று அவனோடு பேசி ஒத்துக்கொள்ளுங்கள். பணம் அவனுடையதாகவே இருக்கட்டும். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதே நேரத்தில், "பாஸ் ஆனால் பைக், 400 வாங்கினால் போன்" என்று பந்தயம் கட்டாதீர்கள். எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971-இல் வெளியிட்ட சோதனையில், புதிர் விளையாட்டுக்குக் காசு கொடுக்கப்பட்ட மாணவர்களுக்கு, காசு நின்றவுடன் புதிரில் காட்டிய ஆர்வமும் குறைந்துபோனது. பரிசு கொடுத்தால் படிப்பு என்பது பரிசுக்காகச் சகித்துக்கொள்ள வேண்டிய தொல்லை என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

வீட்டில் இரண்டு பேச்சுகளை நிறுத்தினால் நல்லது. ஒன்று, பெரியப்பா மகனோடு ஒப்பிடுவது. மற்றொன்று, உங்கள் கணவர் விளையாட்டாகச் சொல்வதாக நீங்கள் எழுதியிருக்கும் "நான் படிக்காமலே பொழைக்கலயா?" என்பது. அதற்குப் பதிலாக, படிக்காததால் எங்கெல்லாம் இடறினார் என்பதை, வங்கிக் கடனில் கையெழுத்துப் போட்ட கதையையோ, பட்டா மாற்றத்துக்கு அலைந்த கதையையோ, ஒரு நாள் மகனிடம் மனம்விட்டுச் சொன்னால் போதும். அறிவுரையாக முடிக்காமல் கதையாகவே விட்டுவிட வேண்டும். தந்தையின் வாயிலிருந்து வரும் அப்படியொரு கதைக்கு என் போன்ற ஆசிரியரின் நூறு வகுப்புகள் ஈடாகா.

பத்தாம் வகுப்புக்குப் பின் ஒரே வழிதான் என்று அவன் நினைத்திருந்தால் அதையும் உடைக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுத்தால் தேர்ச்சி. தவறினாலும் முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு, ஆண்டு வீணாகாது. மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது, ஐ.டி.ஐ. இருக்கிறது, பத்தாம் வகுப்போடு சேரக்கூடிய மூன்றாண்டு பாலிடெக்னிக் பட்டயம் இருக்கிறது, அதை முடித்தவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு; மேற்படிப்புக்குப் போகும் மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் 2024-இல் தொடங்கியிருக்கிறது. இயந்திரத்தில் கை பழகிய பையன் என்றால் ஐ.டி.ஐ.யை இரண்டாந்தரமாகப் பேசாதீர்கள். கேரட் கழுவும் மெஷின் நின்றுபோனால் பழுது பார்க்க ஆள் தேடி உதகை முழுவதும் அலைவதை அவனும் பார்த்திருப்பான்.

இவ்வளவுக்கும் முன்னால் கண் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். கரும்பலகை தெரியாததை வருடக்கணக்கில் சொல்லாமல் இருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வாசிக்கும்போது எழுத்துகள் இடம் மாறுகின்றன, நன்றாகப் பேசுகிறவன் எழுதத் திணறுகிறான் என்றால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். மருத்துவச் சான்று பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். படிப்பில் மட்டுமின்றி விளையாட்டிலும் நண்பர்களிடமும் சாப்பாட்டிலும் இரண்டு வாரங்களுக்கு மேல் நாட்டம் போய்விட்டால், அதை ஊக்கக் குறைவு என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

அரையாண்டுத் தேர்வு டிசம்பரில், உறைபனி கொட்டும் நேரத்தில் வரும். இப்போதே தொடங்கினால் கணக்கில் 19 என்பது 28 ஆகலாம். 35 ஆகாமலும் போகலாம். மதிப்பெண் அட்டை வீட்டுக்கு வருவதற்கு முன்பே உங்கள் கணவரிடம் இதைச் சொல்லி வையுங்கள். அட்டையில் சிவப்புக் கோட்டைப் பார்த்தவுடன் அவர் என்ன சொல்கிறார் என்பதைத்தான் மகன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பான்.